கிளைச் செயலாளரா, ஆர்வக் குழு ஒருங்கிணைப்பாளரா? ஆங்கில ஆசிரியர் சங்கத்தில் பொறுப்பேற்க விரும்புவோருக்கு ஓர் அலசல்

என்னுடன் முன்பு பணியாற்றிய இளைய ஆசிரியை ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்து, ஒரே வாரத்தில் தமக்கு இரண்டு அழைப்புகள் வந்திருப்பதாகச் சொன்னார். ஆங்கில ஆசிரியர் சங்கத்தின் மாவட்டக் கிளைக்குச் செயலாளராக வரும்படி ஓர் அழைப்பு. அதே சங்கத்தில் வாசிப்புத் திறன் கற்பித்தலுக்கென இயங்கும் சிறப்பு ஆர்வக் குழுவை ஒருங்கிணைக்கும்படி மற்றோர் அழைப்பு. "அக்கா, இரண்டையும் சேர்த்து என்னால் சுமக்க முடியாது. எதை எடுத்துக்கொள்ளட்டும்?" என்று கேட்டார். கிளைச் செயலாளராக மூன்று ஆண்டுகளும், ஆர்வக் குழு ஒருங்கிணைப்பாளராக ஒன்றரை ஆண்டும் இருந்தவள் என்ற முறையில் அவரிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். என் மனம் கிளையின் பக்கமே சாய்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊதியத்துக்கும் பணி உரிமைக்கும் போராடுகிற ஆசிரியர் இயக்கங்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. பாடம் நடத்தும் கலையை வளர்த்துக்கொள்வதற்காக ஆசிரியர்களே சந்தா கட்டி நடத்தும் தொழில்முறைச் சங்கங்களைப் பற்றியே பேசுகிறேன். அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய டெசோல், பிரிட்டனில் 1967இல் தொடங்கிய ஐயாடெஃபல், கல்வியாளர் எஸ். நடராஜன் 1974இல் சென்னையில் நிறுவிய இந்திய ஆங்கில மொழி ஆசிரியர் சங்கமான எல்டாய் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இத்தகைய சங்கங்களில் ஓர் ஆசிரியர் பொறுப்புக்கு வரப் பெரும்பாலும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஊர் சார்ந்தது, அதாவது கிளை. மற்றொன்று பொருள் சார்ந்தது, அதாவது இலக்கியம், தொழில்நுட்பம், தேர்வு முறை என்று ஏதேனும் ஒன்றில் ஆர்வமுள்ளவர்களை நாடு முழுவதிலிருந்தும் சேர்க்கும் சிறப்பு ஆர்வக் குழு. நான் பொறுப்பு வகித்த சங்கத்தின் பெயர் இந்த அலசலுக்குத் தேவையில்லை என்பதால் அதைக் குறிப்பிடவில்லை.

நேரம், செலவு, பெயர் ஆகிய மூன்றிலும் ஆர்வக் குழுவே முந்துகிறது என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. மாதம் ஒருமுறை இரவு எட்டு மணிக்கு இணையவழி அமர்வு, அதற்கு முன் சில மின்னஞ்சல்கள், பின் ஒரு சிறு அறிக்கை என்ற அளவில் வேலை முடிந்துவிடும். பயணச் செலவு இல்லை. குவாஹாட்டியில் இருப்பவரும் கொச்சியில் இருப்பவரும் நம்மைப் பெயர் சொல்லி அறிவார்கள். கல்லூரி ஆசிரியர்களுக்கு இதில் கூடுதல் நன்மையும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் பதவி உயர்வுக்குக் கணக்கிடும் ஆய்வு மதிப்பெண்ணில் கட்டுரைகளுக்கும் அழைப்புரைகளுக்கும் இடமிருக்கிறது. கிளைச் செயலாளர் பதவிக்கென்று தனி மதிப்பெண் இல்லை. ஆர்வக் குழுவில் இருப்பவருக்கு அழைப்புரைகள் எளிதாக அமைகின்றன.

கிளை வேலை இதற்கு நேர்மாறானது. சனிக்கிழமை பிற்பகலை விட்டுக்கொடுக்க வேண்டும். கூட்டம் நடத்த ஒரு பள்ளியில் இடம் கேட்க வேண்டும். தலைமையாசிரியருக்குக் கடிதம், காவலாளிக்குச் சொல்லி வைப்பது, ஒலிபெருக்கி, தேநீர் என எல்லாம் செயலாளர் தலையில்தான் விழும். மார்ச் மாதம் பொதுத்தேர்வுப் பணியும் அதன் பின் விடைத்தாள் திருத்தும் முகாமும் வந்துவிட்டால் இரண்டு மாதத்துக்கு ஒருவரையும் பிடிக்க முடியாது. அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தால், பொறுப்பேற்கும் முன்பே தலைமையாசிரியர் வழியாக முறைப்படி எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

இவ்வளவு சிரமத்துக்கும் ஈடாகக் கிளை எதைத் தருகிறது என்பதற்கு ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். 2018-19 கல்வியாண்டில் மேல்நிலை வகுப்புகளுக்கு மொழிப்பாடத்தின் இரண்டு தாள்கள் ஒரே தாளாக்கப்பட்டபோது, அதுவரை இரண்டாம் தாளை நம்பித் தேர்ச்சி பெற்றுவந்த மாணவர்களை என்ன செய்வது என்ற கவலை எல்லாப் பள்ளிகளிலும் இருந்தது. அந்தச் சனிக்கிழமை பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். ஒன்றியத்தின் கடைசி எல்லையில் உள்ள பள்ளியிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்த ஓர் ஆசிரியை, தம் மாணவர்கள் எழுதிய பத்தி விடைகள் ஆறினை மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேசைமேல் பரப்பினார். ஒரு விடையில் மாணவன் முதல் வரியை மட்டும் நான்கு முறை எழுதி நான்கு முறையும் அடித்திருந்தான். "இவனுக்குத் தெரியாமல் இல்லை, தொடங்கத்தான் வரவில்லை" என்றார் அவர். அடுத்த ஒன்றரை மணி நேரம் அந்த முதல் வரியைப் பற்றித்தான் பேசினோம். எல்லோரும் அதே பாடநூலை நடத்துகிறவர்கள், அதே வினாத்தாளுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்கிறவர்கள் என்பதால் ஒவ்வொருவரும் சொன்ன உத்தி திங்கட்கிழமையே வகுப்பில் செய்துபார்க்கக்கூடியதாக இருந்தது. ஆர்வக் குழுவில் எத்தனையோ நல்ல உரைகளைக் கேட்டிருக்கிறேன். ஆனால் ஐந்து மாநிலங்களின் ஐந்து பாடத்திட்டங்களுக்குப் பொதுவாகப் பேசும்போது பேச்சு பெரும்பாலும் கொள்கையளவிலேயே நின்றுவிடும்.

ஆனாலும் நான் கிளையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு முதன்மைக் காரணம் இந்தக் கூட்டங்கள் அல்ல. நாம் விலகும்போது அந்தப் பொறுப்பை இன்னொருவர் கையில் ஒப்படைக்க முடியுமா என்பதே என் பார்வையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கேள்வி. பொறுப்பேற்கும் நாளில் யாரும் இதைக் கேட்பதில்லை.

நான் கிளைச் செயலாளரானபோது, எனக்கு முன்பிருந்தவர் பொது மாறுதல் கலந்தாய்வில் வேறு மாவட்டம் சென்றிருந்தார். பொருளாளர் ஓய்வுபெற்று மகள் வீட்டோடு போய்விட்டார். வங்கிக் கணக்கில் நாற்பதாயிரத்துச் சொச்சம் இருந்தது. அதை எடுக்கக் கையொப்பமிடும் உரிமை அந்த இருவருக்கு மட்டுமே இருந்தது. வங்கியில் தீர்மான நகல் கேட்டார்கள், பழையவர்கள் இருவரின் கடிதம் கேட்டார்கள், புதியவர்களின் அடையாளச் சான்றும் நிழற்படமும் கேட்டார்கள். தீர்மானப் புத்தகம் எங்கே என்று தேடியதில், ஓர் உறுப்பினர் வீட்டுப் பீரோவில் பழைய வினாத்தாள்களுக்கு அடியில் இருந்தது. எல்லாம் சரியாக ஐந்து மாதம் ஆயிற்று. அதுவரை தேநீருக்கும் நகலெடுப்புக்கும் நானும் புதிய பொருளாளரும் கைப்பணம் போட்டோம்.

அந்த ஐந்து மாதங்கள் மிகுந்த மனச்சோர்வைத் தந்தன. ஆனால், சிக்கல் தீர்ந்ததே என்பதைத்தான் இங்கே வலியுறுத்த விரும்புகிறேன். தீர்மானப் புத்தகம் என்று ஒன்று இருந்தது, அதில் கையொப்பங்கள் இருந்தன, பொதுக்குழு கூடிப் புதிய தீர்மானம் இயற்ற முடிந்தது. அந்தப் புத்தகத்தை ஓர் இரவு முழுக்கப் புரட்டினேன். மையூற்றுப் பேனாவில் எழுதிய பழைய பக்கம் ஒன்றில், மழை காரணமாக நால்வரே வந்ததாகவும், இருந்தும் கேட்டல் பயிற்சிக்காக டேப் ரெக்கார்டர் ஒன்று வாங்கத் தீர்மானிக்கப்பட்டதாகவும் குறிப்பு இருந்தது. அந்த நால்வரில் எவரையும் நான் பார்த்ததில்லை; ஆயினும் அவர்கள் விட்ட இடத்திலிருந்து நான் தொடர்கிறேன் என்ற உணர்வு அன்றுதான் எனக்கு வந்தது.

ஆர்வக் குழுவில் எனக்கு நேர்ந்ததை இதனோடு வைத்துப் பாருங்கள். முந்தைய ஒருங்கிணைப்பாளர் மிகத் திறமையானவர், மூன்று ஆண்டுகள் தனியொருவராகவே குழுவை நடத்தியவர். உறுப்பினர் பட்டியல், அமர்வுப் பதிவுகள், பேச்சாளர்களின் தொடர்பு விவரங்கள் யாவும் குழுவின் பெயரில் அவர் தொடங்கியிருந்த மின்னஞ்சல் கணக்கிலும் அதைச் சார்ந்த சேமிப்பகத்திலும் இருந்தன. அவர் வெளிநாடு சென்று கைபேசி எண்ணை மாற்றியதும் அந்தக் கணக்கு பூட்டிக்கொண்டது. கடவுச்சொல் சரியாக இருந்தும், சரிபார்ப்பு எண் அணைந்துபோன பழைய எண்ணுக்கே சென்றுகொண்டிருந்தது. அவர் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை, எத்தனையோ முறை முயன்றும் பார்த்தார். ஆனால் முறையிட ஒரு பொதுக்குழு இல்லை, துணைப் பொறுப்பாளர் இல்லை, காகிதத்தில் எழுதிய ஒரு வரி இல்லை. மூன்று ஆண்டு உழைப்பில் எனக்கு மிஞ்சியது நூற்று எண்பது பேர் கொண்ட ஒரு வாட்ஸ்அப் குழு மட்டுமே.

எல்லா இடங்களிலும் ஆர்வக் குழுக்கள் இப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஐயாடெஃபலில் ஒவ்வோர் ஆர்வக் குழுவுக்கும் ஒரு செயற்குழு உண்டு. வேலையை ஒருங்கிணைப்பாளர் மட்டுமே சுமப்பதில்லை. நம் ஊர்ச் சங்கங்களில் அப்படி ஒரு செயற்குழுவோடு இயங்கும் ஆர்வக் குழுவுக்கு உங்களை அழைத்தால், நான் இதுவரை சொன்னதில் பாதியைத் தள்ளிவிட்டு முடிவெடுக்கலாம். ஒருவரையே நம்பி நடக்கும் குழு என்றால், அதை ஏற்றுக்கொள்கிறவர் உண்மையில் புதிதாக ஒன்றைத் தொடங்குகிறார் என்றே எண்ணிக்கொள்ள வேண்டும்.

கிளைக்கு இந்த விஷயத்தில் சட்டத்தின் துணையும் ஓரளவு கிடைக்கிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி, பதிவுபெற்ற சங்கத்தின் நிர்வாகக் குழு உறுப்பினர்களின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக்கூடாது; மறுபடியும் தேர்ந்தெடுக்கப்படலாம், ஆனால் தேர்தல் நடந்தாக வேண்டும். நிர்வாகிகள் மாறினால் பதிவாளருக்குப் படிவம் தர வேண்டும். எல்லாக் கிளைகளும் தனியே பதிவு செய்தவை அல்ல, பல கிளைகள் தலைமைச் சங்கத்தின் பதிவின்கீழ் இயங்குகின்றன என்பதால், உங்கள் கிளை எந்த வகை என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தனிப் பதிவு இல்லாத கிளையில் வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது இன்னும் முக்கியமான கேள்வி. பொருளாளரின் சொந்தக் கணக்கில் சந்தா சேர்கிறது என்ற பதில் வந்தால், அதைச் சரிசெய்த பிறகே பொறுப்பேற்பது எல்லோருக்கும் நல்லது.

டெசோலில் ஒருவர் ஓராண்டு அடுத்த தலைவராகவும், மறு ஆண்டு தலைவராகவும், அதற்கடுத்த ஆண்டு முன்னாள் தலைவராகவும் குழுவில் தொடர்ந்து இருக்கிறார். இதைச் சிறிய அளவில் எங்கள் கிளையில் செய்துபார்த்தோம். என் மூன்றாம் ஆண்டில் துணைச் செயலாளர் என்ற பொறுப்பை உருவாக்கி, அடுத்து வரப்போகிறவரை அதில் அமர்த்தி, வங்கியில் மூன்றாவது கையொப்பத்தையும் அவர் பெயரில் சேர்த்தோம். சந்தா புதுப்பிக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் அவரே உறுப்பினர்களைத் தொலைபேசியில் அழைத்தார். யார் கேட்டதும் கட்டுவார், யாரை நேரில் பார்த்துக் கேட்டால்தான் கட்டுவார் என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது, பேசிப் பேசித்தான் தெரியவரும். நான் விலகியபோது ஒப்படைத்தவை ஒரு துணிப்பைக்குள் அடங்கின: தீர்மானப் புத்தகம், ரொக்கப் பதிவேடு, வங்கிப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, கூட்டத்துக்கு இடம் தந்த பள்ளிகளின் பட்டியல். பட்டியலை வாங்கியவர் கேட்ட ஒரே கேள்வி, "எந்தப் பள்ளியில் மின்விசிறி ஓடும்?" என்பதுதான்.

கிளை எல்லோருக்கும் ஏற்றதென்று சொல்வதற்கு என் அனுபவம் போதாது. நான் அரசு உதவிபெறும் பள்ளியில் ஒரே ஊரில் பணியாற்றியவள். மாறுதலை ஒவ்வோர் ஆண்டும் எதிர்பார்த்திருக்கும் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு மூன்றாண்டுப் பொறுப்பு எப்படிப் பொருந்தும் என்பதை அவர்களே எடைபோட வேண்டும். எங்கு மாறினாலும் கூடவே வரக்கூடியது ஆர்வக் குழுதான். கைக்குழந்தை உள்ள ஆசிரியைகளுக்குச் சனிக்கிழமைக் கூட்டமா, இரவு எட்டு மணி அமர்வா, எது எளிது என்பதும் வீட்டுக்கு வீடு மாறும். தேசிய நிர்வாகக் குழுவில் நான் இருந்ததில்லை. அங்கே போக எந்தப் படி உதவும் என்று என்னால் சொல்ல முடியாது. கிளையில் கணக்கும் தீர்மானமும் எழுதிப் பழகியவர்களைத் தேடி அழைக்கிறார்கள் என்பதை மட்டும் இரண்டு மூன்று பேர் விஷயத்தில் பார்த்திருக்கிறேன்.

அந்த இளைய ஆசிரியையிடம், எதையும் ஒப்புக்கொள்ளும் முன் இரண்டு இடங்களிலும் ஒரே கேள்வியைக் கேட்கச் சொன்னேன்: "இப்போது பொறுப்பில் இருப்பவர் நாளை இல்லையென்றால் எனக்கு என்ன கிடைக்கும்?" ஆர்வக் குழுவிலிருந்து அன்பான, நீண்ட பதில் வந்ததாம், ஆனால் பட்டியல் எதுவும் வரவில்லை. கிளையிலிருந்து தீர்மானப் புத்தகத்தின் கடைசி நான்கு பக்கங்களையும் கணக்குச் சுருக்கத்தையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். துணைச் செயலாளர் ஒருவரை உடனே நியமிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கிளைக்கு அவர் சம்மதம் சொல்லிவிட்டார். வங்கிப் படிவத்தில் மட்டும் இன்னும் கையொப்பமிடவில்லை; மாறுதல் கலந்தாய்வு முடியட்டும் என்று காத்திருக்கிறார்.