பெரியம்மாவுடன் தாய்லாந்துச் சாப்பாடு

சென்னைக்குப் போய்விட்டு இட்லி, தோசையை விட்டு எதற்குத் தாய்லாந்து உணவகம் என்று சிட்னியில் தோழிகள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சிட்னியில் தாய் கடை இல்லாத புறநகரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஹேமார்க்கெட்டில் கேம்பல் தெருப் பக்கம் தாய் டவுன் என்றே ஒரு பகுதி இருக்கிறது. இருந்தாலும் இந்தத் தடவை நுங்கம்பாக்கத்தில் சாப்பிட்ட ஒரு மதியச் சாப்பாட்டைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. எண்பது வயதை நெருங்கும், முட்டைகூடத் தொடாத பெரியம்மாவை அழைத்துக்கொண்டு போனோம். அவர் மனசு கோணாமல், வயிறும் நிறைந்து திரும்பினோம். அதற்கு முழுக் காரணம் அங்கே பரிமாறிய ஒரு பையன்.

இடத்தைப் பற்றி முதலில். நான் ஊரை விட்டுக் கிளம்பிய காலத்தில் தாய் சாப்பாடு என்றால் பெரிய ஓட்டலில் வெள்ளைத் துணி விரித்த மேசை, கம்பெனிச் செலவில் விருந்து, அவ்வளவுதான். இப்போது காதர் நவாஸ் கான் சாலையைச் சுற்றியுள்ள தெருக்களில் பழைய வீடுகளின் கீழ்த்தளத்திலேயே இப்படி எளிமையான கடைகள் வந்துவிட்டன. நாங்கள் போனதில் சிமென்ட் தரை, பிரம்பு விளக்கு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சமையலறை. ஒரு மேசையில் கல்லூரிப் பிள்ளைகள், அடுத்த மேசையில் முகூர்த்தம் முடிந்து பட்டுப் புடவையோடு வந்த குடும்பம். தமிழ்நாட்டில் மது பரிமாற நட்சத்திர ஓட்டல், கிளப் மாதிரியான இடங்களுக்குத்தான் உரிமம் என்பதால் இந்த மாதிரிக் கடைகளில் அது கிடையாது. சிட்னியில் தாய் கடை என்றால் பாதி மேசைகளில் பியர் இருக்கும். இங்கே எலுமிச்சைப் புல்லும் ரம்பை இலையும் போட்ட குளிர்ந்த சாறு. பெரியம்மாவுக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை.

நங்கநல்லூரிலிருந்து மெட்ரோவில் வந்தோம். நங்கநல்லூர் ரோடு நிலையத்தில் ஏறி ஆயிரம் விளக்கில் இறங்கினால் வண்டி மாற வேண்டியதில்லை. இரண்டு இடத்திலும் லிஃப்ட் வேலை செய்தது. மே மாத வெயிலில் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு வர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் ஆட்டோ.

நடந்ததைச் சொல்லும் முன், இதே பயணத்தில் வேறு ஒரு கடையில் பட்டதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பையனின் அருமை புரியாது. அங்கே நூடுல்ஸ் கேட்டோம். "வெஜ்தானே?" என்று அண்ணன் கேட்டார். "ஃபுல் வெஜ் சார்" என்று சட்டென்று பதில் வந்தது. பெரியம்மா நாலு வாய் சாப்பிட்ட பிறகு வேறொருவர் ஓடி வந்து, "ஸாரி மேடம், இதுல ஆய்ஸ்டர் சாஸ் இருக்கு" என்றார். சிப்பியிலிருந்து எடுக்கிற சாஸ். பெரியம்மா சத்தம் போடவில்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்று முழுக்க எதுவும் சாப்பிடவில்லை. பில்லில் அந்தத் தட்டைக் கழித்துக் கொடுத்தார்கள். அதை வைத்து என்ன செய்வது? எழுபது வருஷத்துக்கு மேல் ஒருவர் காப்பாற்றி வந்த ஒன்றை, "கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்ற ஒரு வார்த்தை சொல்லச் சோம்பல்பட்டுக் கெடுத்துவிட்டார்களே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

தாய் சமையலில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். கண்ணுக்குத் தெரியும் மீனும் இறாலும் பெரிய விஷயமில்லை, ஒதுக்கிவிடலாம். உப்புக்குப் பதிலாக அவர்கள் ஊற்றுவது மீன் சாஸ். நெத்திலியை உப்போடு தொட்டியில் போட்டு ஒரு வருஷம், சில சமயம் அதற்கு மேலும் ஊறவிட்டு வடிக்கிற தெளிந்த சாறு. பார்த்தால் தெரியாது. பச்சை கறி, சிவப்பு கறி என்கிற தேங்காய்ப் பால் குழம்புகளுக்கான விழுதில் அரைக்கும்போதே இறால் விழுது சேர்ந்துவிடும். காய்கறி மட்டும் போட்ட பச்சை கறி என்று மெனுவில் இருந்தாலும் அது சைவம் என்று அர்த்தமில்லை.

அதனால் இங்கே உட்கார்ந்ததுமே நான் கேட்டுவிட்டேன்: பெரியம்மாவுக்கு மீன் சாஸ், இறால் விழுது, சிப்பி சாஸ் எதுவும் கூடாது, என்னென்ன சாப்பிடலாம்? பையன் உடனே பதில் சொல்லவில்லை. "ரெண்டு நிமிஷம் மேம்" என்று உள்ளே போனான். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் நின்றவரிடம் மெனுவைக் காட்டிக் கேட்டு, ஒவ்வொரு வரியாகப் பென்சிலில் குறித்துக்கொண்டு வந்தான்.

வந்து பெரியம்மாவிடமே நேராகப் பேசினான். "பாட்டி, பச்சை கறி சாப்பிடலாம். வெஜ்ஜுக்கு விழுது இங்கயே தனியா அரைக்கிறாங்க, இறால் போடறதில்ல. மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸும் உப்பும். பப்பாளிக்காய் சாலடுக்குத் தனி உரல் இருக்கு. ஆனா ஸ்பிரிங் ரோல் வேண்டாம். அது வெஜ்தான், ஆனா பொரிக்கிற எண்ணெய் ஒண்ணுதான். அதுலதான் இறாலும் பொரிக்கிறாங்க."

மெனுவில் பச்சைப் புள்ளி வைத்து அச்சடித்திருந்த ஒன்றை, விற்கக்கூடிய ஒன்றை, வேண்டாம் என்று சொன்னான். நாங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் அது. பெரியம்மா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீ சொல்றதையே கொண்டு வா தம்பி" என்றார். அதற்கு அப்புறம் மெனுவை அவர் திறக்கவே இல்லை.

பையனுக்கு ஊர் இம்பால் பக்கம். சென்னைக்கு வந்து சில வருஷங்களாகின்றன, தமிழ் நன்றாகவே பேசுகிறான். மீன் சாஸ் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாயே என்றேன். அவர்கள் வீட்டில் ஙாரி இல்லாமல் சமையலே இல்லை என்றான். மீனை நொதிக்க வைத்து அவர்கள் செய்வது அது. "வாசனையிலயே கண்டுபிடிச்சிடுவேன் மேம். சாப்பிடாதவங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம்னும் தெரியும். எங்க ஊர்லயும் மீன் தொடாத பெரியவங்க இருக்காங்க." பாடம் சொல்லிக் கொடுத்து வந்த பதில் இல்லை அது.

அண்ணன் குடும்பமும் நானும் வெளியில் எல்லாம் சாப்பிடுவோம். பெரியம்மாவுக்கும் அது தெரியும், எதுவும் சொல்ல மாட்டார். பையன் எங்கள் தட்டுகளை மேசையின் ஒரு பக்கமும் பெரியம்மாவினுடையதை மறுபக்கமும் வைத்து, கரண்டி மாறாமல் பார்த்துக்கொண்டான். சூப், ஸ்டார்ட்டர், மெயின் என்று வரிசையாக வேண்டுமா, எல்லாம் ஒன்றாக வேண்டுமா என்றும் கேட்டான். தாய்லாந்தில் எல்லாவற்றையும் நடுவில் வைத்துச் சோற்றோடு பகிர்ந்துதான் சாப்பிடுவார்கள். ஒன்றாகவே வரச் சொன்னோம். மேசையில் ஸ்பூனும் ஃபோர்க்கும் மட்டும் இருந்ததும் எனக்குப் பிடித்தது. சோற்றுக்குக் குச்சி வைக்கிற தாய் கடைகளைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அங்கே குச்சி பெரும்பாலும் நூடுல்ஸுக்குத்தான்.

பச்சை கறியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தேங்காய்ப் பால் அன்று பிழிந்தது, டப்பா வாசனை துளிகூட இல்லை. சிட்னியில் நல்ல கடைகளில்கூட எனக்கு இது கிடைத்ததில்லை. கரண்டியால் கிளறினால் பச்சைப் பச்சையாக உருண்டு வந்தது சுண்டைக்காய்! தாய்லாந்தில் பச்சை கறியில் போடுவது நம் ஊர்ச் சுண்டைக்காயேதான், ஒரே செடி. சிட்னியில் பல கடைகள் அதை விட்டுவிட்டுப் பட்டாணியையோ பீன்ஸையோ போட்டு ஒப்பேற்றுகின்றன. இங்கே கோயம்பேட்டிலிருந்து வந்த புதுக் காய், கடித்தால் நறுக்கென்று, கசப்பும் தேங்காய்ப் பாலின் இனிப்புமாக. வற்றலாக மட்டுமே சுண்டைக்காயைப் பார்த்திருந்த அண்ணன் மகள் ஆச்சரியப்பட்டாள். பெரியம்மா அந்தச் சாற்றை ஒரு ஸ்பூன் குடித்துவிட்டு, "இதுல அரத்தை இருக்கு, எலுமிச்சை இலை மாதிரி ஒண்ணும் இருக்கு" என்றார். இரண்டுமே சரி. இருமலுக்கு அரத்தைக் கஷாயம் வைத்தவர், வேப்பிலைக்கட்டிக்கு நாரத்தை இலையை நரம்பு எடுத்து இடித்தவர். அவருக்கு அந்த மணம் புதிதாக இருக்க வழியில்லை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் தகுவாப்பாவைப் பற்றிச் சொன்னார். கல்வெட்டு என்றால் அவருக்கு உயிர். தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாப்பா பக்கத்தில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவையும் அது குறிப்பிடுகிறது. "அவங்க அங்க என்ன சாப்பிட்டிருப்பாங்க?" என்று பெரியம்மா கேட்டார். அண்ணனிடம் பதில் இல்லை. மிளகாய் மட்டும் இருந்திருக்காது, அது போர்த்துக்கீசியர் காலத்தில்தான் இந்தப் பக்கம் வந்தது என்றேன். குளம் வெட்டுகிற அளவுக்கு ஓர் ஊரில் தங்கியவர்கள் அந்த ஊர்க் காயையும் இலையையும் சமைக்காமலா இருந்திருப்பார்கள் என்று பெரியம்மா அடித்துச் சொன்னார். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

பேட் தாய் என்கிற வறுத்த நூடுல்ஸ் சுமார்தான். சர்க்கரை தூக்கலாக இருந்தது, புளியே தெரியவில்லை. இத்தனை புளி விற்கிற ஊரில் இப்படிச் செய்யலாமா என்று வருத்தமாக இருந்தது. நண்டு போட்ட வறுத்த சாதம் அருமை. கொத்துக்கோழி, பேட் கிரபாவ் என்பார்களே, அதில் துளசிக்குப் பதில் இனிப்புத் துளசி என்கிற பேசில் போட்டிருந்தார்கள். அசல் செய்முறையில் போவது நம் வீட்டு மாடத்தில் வளர்கிற துளசி இனம்தான். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். கோழியோடு துளசியா என்று சிலர் முகம் சுளிக்கிறார்களாம், சிலர் தட்டையே திருப்பி அனுப்பியிருக்கிறார்களாம். சரி, அது புரிகிறது. சுவை கொஞ்சம் குறைந்தாலும் இந்த ஊரில் அந்த முடிவு நியாயம் என்றே நினைக்கிறேன்.

கடைசியில் மாம்பழமும் ஒட்டுச் சோறும். பங்கனப்பள்ளி நல்ல பதத்தில் இருந்தது. வெள்ளைப் பசையரிசியோடு கொஞ்சம் கவுனி அரிசியும் கலந்திருந்தார்கள். மேலே உப்புப் போட்ட தேங்காய்ப் பால். பெரியம்மா ஒரு தட்டை முழுசாகச் சாப்பிட்டார்.

குறைகள் உண்டு. மெனுவைப் போனில் ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்கிறார்கள். வெளிநாட்டு சிம்மில் டேட்டா இல்லாதவர்கள், கண் மங்கியவர்கள் என்ன செய்வார்கள்? கேட்டால் அச்சடித்ததைத் தருகிறார்கள், கேளுங்கள். ஏசியை இவ்வளவு வைக்க வேண்டியதில்லை, பெரியவர்களுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொண்டு போவது நல்லது. பாட்டுச் சத்தம் அதிகம்; குறைக்கச் சொன்னதும் குறைத்தார்கள்.

பில் ஐந்து பேருக்கு ஐயாயிரத்துச் சொச்சம். ஜிஎஸ்டி 5 சதவீதம், அதை மாநிலத்துக்கும் மத்திக்கும் இரண்டரை இரண்டரையாகப் பிரித்துக் காட்டியிருந்தார்கள். சர்வீஸ் சார்ஜ் இல்லை. சில கடைகளில் இன்னும் தானாகவே சேர்க்கிறார்கள். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அப்படிச் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எடுக்கச் சொன்னால் எடுத்துத்தான் ஆக வேண்டும், வெட்கப்படாமல் கேளுங்கள். பணம் கட்டுவதும் முன்னைப் போல் தலைவலி இல்லை. 2023இலிருந்து ஆஸ்திரேலியா, கனடா, பிரிட்டன், சிங்கப்பூர் உட்படச் சில நாடுகளின் போன் எண்ணிலேயே, வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ, என்ஆர்இ வங்கிக் கணக்கை யுபிஐயில் இணைக்க வழி வந்துவிட்டது. உங்கள் வங்கி இதைச் செய்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பையனுக்கான டிப்ஸை மட்டும் நோட்டாக அவன் கையில் கொடுத்தேன்.

வெளியே வரும்போது மேனேஜரிடம் இரண்டு விஷயம் சொன்னேன். அந்தப் பையன் செய்ததை விவரமாகச் சொல்லி, அவனை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அடுத்தது மெனு. எதில் மீன் சாஸ், எதில் இறால் விழுது, எந்தப் பொரியல் பொது எண்ணெய் என்று அச்சிலேயே போட்டுவிட்டால், அவனுக்கு லீவு நாளிலும் சைவக்காரர்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம். அவர் என் எதிரிலேயே மெனுவை எடுத்து, ஸ்பிரிங் ரோலுக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளியைப் பேனாவால் அடித்தார். மற்ற மெனுக்களிலும் அன்றைக்கே அடித்துவிடுவதாகச் சொன்னார்.