அம்மம்மாவின் படமும் ஜெனரேட்டிவ் ஃபில்லும்

திருகோணமலையில், கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் கடலைப் பின்னால் விட்டு அம்மம்மா நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம், ஈரம் பட்டு ஒரு பக்கம் பூஞ்சணம் பிடித்திருந்தது, அதை ஸ்கான் பண்ணி மூன்று இரவு ஏஐ கருவிகளோடு மல்லுக்கட்டினேன்.

போட்டோஷாப்பில் 2023 இல் வந்த ஜெனரேட்டிவ் ஃபில் என்ற ஏஐ கருவி வானத்துக்கும் கடலுக்கும் அருமை. கறை உள்ள இடத்தைச் சுற்றி வளைத்து, எதுவும் எழுதாமல் அழுத்தினாலே மூன்று விதமாக நிரப்பித் தரும், அதில் இரண்டாவது நான் பார்த்து வளர்ந்த அதே திருகோணமலைக் கடல். இணையம் கட்டாயம் வேண்டும், வேலை அவர்களின் சேர்வரில்தான் நடக்கிறது.

ஆனால் முகத்தில் கை வைக்க விடாதீர்கள். போனில் இறக்கிய ஒரு இலவசச் செயலி, தெளிவாக்குகிறேன் என்று மூக்குத்தியையே எடுத்துவிட்டு வேறு யாரோ ஒரு பெண்ணைத் தந்தது, அம்மா பார்த்துவிட்டு "இது ஆர்?" என்று கேட்டார். எனக்கு மனசே சரியில்லை. இந்தக் கருவிகள் அழிந்ததை மீட்பதில்லை, அங்கே என்ன இருந்திருக்கலாம் என்று ஊகித்துப் புதிதாக வரைகின்றன. ஓரத்தில் இருந்த பலகையின் தமிழ் எழுத்தும் புழு நெளிந்த மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் மூலப் பிரதியைத் திரும்பத் திறந்து, முகத்தை மட்டும், பக்கத்தில் உள்ள நல்ல பகுதியை எடுத்துக் கறையை மூடும் ஹீலிங் பிரஷால் புள்ளி புள்ளியாக நானே துடைத்தேன். நாலு மணித்தியாலம் எடுத்தது. மூக்குத்தி அப்படியே இருக்கிறது.