டிஸ்கார்டா, வாராந்திர டிரிம்மா? லினக்ஸில் எஸ்எஸ்டிக்கு எது நல்லது

ஒரு கோப்பை அழித்தால் கோப்பு முறைமை மட்டும்தான் அதை மறக்கிறது. எஸ்எஸ்டிக்கு அது தெரியாது. செத்த தரவையும் உயிருள்ளதாக எண்ணி இடம் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டே இருக்கும். செல்கள் தேய்வதே எழுதி அழிப்பதால்தான். இந்த வீண்வேலை ஆயுளைத் தின்னும். "இந்த இடம் காலி" என்று டிரைவுக்குச் சொல்வதுதான் டிரிம். லினக்ஸில் அதற்கு இரண்டு வழி.

டிஸ்க்குகளை எப்படி இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் டிஸ்கார்ட் என்று சேர்த்தால், அழித்த கையோடு டிரிம் போய்விடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாட்டா என்ற இணைப்பு முறையில் ஓடும் பழைய டிரைவில் டிரிம் மற்ற வேலைகளோடு வரிசையில் நிற்காது. முன்னால் உள்ளதெல்லாம் முடிந்த பிறகு அது தனியாக ஓடும். அதுவரை மற்றவை காத்திருக்க வேண்டும். என் பழைய மடிக்கணினியில் கெர்னலின் (லினக்ஸின் மையப்பகுதி) மூலநிரல் கோப்புறையை அழிக்கும்போதெல்லாம் எடிட்டர் சில நொடி உறைந்து நிற்கும். டிஸ்கார்டை எடுத்தேன், சரியானது. சாட்டா 3.1 வரிசையில் நிற்கும் டிரிம்மைக் கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் சாம்சங் 850 உட்படச் சில டிரைவ்களுக்கு அதைக் கெர்னலே தடுத்து வைத்திருக்கிறது.

என் ஓட்டு இரண்டாவது வழியான எஃப்எஸ்ட்ரிம் டைமருக்குத்தான். வாரம் ஒருமுறை காலி இடத்தையெல்லாம் மொத்தமாகச் சொல்லிவிடும். ஃபெடோரா லினக்ஸில் 2020இல் வந்த 32ஆம் பதிப்பு முதல் இது தானாகவே ஓடுகிறது. டிரைவ் கழுத்துவரை நிரம்பியிருந்தாலொழிய ஒரு வாரத் தாமதம் ஒன்றும் செய்யாது. கணினியை மறுபடி தொடங்கிய பின் எஃப்எஸ்ட்ரிம் ஓடினால், ஏற்கெனவே டிரிம் செய்த காலி இடம் முழுவதையும் மீண்டும் கணக்கில் காட்டும். பயப்பட வேண்டாம்: எதை டிரிம் செய்தோம் என்ற குறிப்பை எக்ஸ்ட்4 கோப்பு முறைமை நினைவகத்தில் மட்டுமே வைத்திருக்கிறது.

பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே அவ்வளவாக இல்லை. கெர்னல் 6.2 முதல் அது பின்னணியில் நிதானமாக டிஸ்கார்ட் செய்வதை இயல்பாக்கிவிட்டது.

நான் அதிகம் கவலைப்படுவது குறியாக்கம் செய்த டிஸ்க்கைப் பற்றித்தான். லினக்ஸின் டிஸ்க் குறியாக்க முறையான எல்யுகேஎஸ் இயல்பாக டிரிம்மைக் கீழே டிரைவுக்கு விடாது. அதற்கான அமைப்புக் கோப்பான கிரிப்ட்டேபிலும் டிஸ்கார்ட் சேர்க்க வேண்டும். சேர்த்தால் எந்த இடம் காலி என்பது வெளியே தெரியும். வீட்டு மடிக்கணினிக்கு அதை நான் ஏற்பேன். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் பெரிய எழுத்து D போட்டுப் பாருங்கள் (lsblk -D). குறியாக்கம் செய்த டிஸ்க்கின் வரியில் டிஸ்கார்ட் அளவுகள் பூஜ்யமாக இருந்தால், எந்த வழியைத் தேர்ந்திருந்தாலும் டிரிம் டிரைவுக்குப் போய்ச் சேரவில்லை.