இயந்திரவியல் சோதனைப் பெட்டி: வண்டி சொல்வது ஒன்று, கையேடு சொல்வது வேறு

பள்ளி இயற்பியலில் இயந்திரவியலைத் தொடங்கும் மாணவர்களுக்கென விற்கப்படும் சோதனைப் பெட்டி ஒன்றை, பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கும் என் அக்கா மகளுக்காக வாங்கினேன். இரண்டு மாதங்களாக இருவரும் சேர்ந்து அதைப் பயன்படுத்தி வருகிறோம். தயாரித்தவர்களின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. ஏறத்தாழ இதே அமைப்பில் பெட்டிகள் பல விற்கப்படுவதால், எந்தப் பெட்டியை வாங்குபவரும் எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்வதே பயன் தரும் என்று நினைக்கிறேன். பெட்டியில் உள்ள கருவிகள் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கின்றன. உடன் வரும் தமிழ்க் கையேடோ சில அடிப்படைக் கருத்துகளையே தவறாகச் சொல்கிறது.

1.2 மீட்டர் நீளமுள்ள அலுமினியத் தண்டவாளம், ஒவ்வொன்றும் 250 கிராம் நிறையுள்ள இரண்டு சக்கர வண்டிகள், 5 கிராமிலிருந்து 250 கிராம் வரையிலான எடைக்கற்கள், ஒரு பிளாஸ்டிக் கப்பி, நூல், ஒரு வில் தராசு, ஊசலுக்கான எஃகு குண்டு, வண்டி கடக்கும் நேரத்தைப் பதிவு செய்யும் இரண்டு ஒளிக்கதவுகள் ஆகியவை பெட்டியில் உள்ளன. வண்டியின் ஒரு முனையில் காந்தமும் மறு முனையில் ஒட்டுப்பட்டையும் இருக்கின்றன. ஒளிக்கதவின் திரை நேரத்தை விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டுகிறது.

ரசமட்டம் மட்டும் பெட்டியில் இல்லை. இது சிறிய விடுபடல் போலத் தோன்றினாலும், முதல் நாள் முழுவதையும் அதுதான் விழுங்கியது. 1.2 மீட்டர் நீளத்தில் ஒரு முனை 2 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் போதும், வண்டிக்கு 0.016 மீ/வி² முடுக்கம் கிடைத்துவிடும். இந்த வண்டிகளில் உராய்வு உண்டாக்கும் எதிர்முடுக்கமே 0.024 மீ/வி² அளவில்தான் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு சாய்வு உராய்வின் பெரும்பகுதியை மறைத்துவிடக்கூடும் என்பது விளங்கும். எங்கள் மேசையில் வண்டி ஒரு திசையில் தாராளமாக ஓடி, மறு திசையில் சோம்பலாக நின்றது. தச்சு வேலைக்கு வைத்திருந்த ரசமட்டத்தை எடுத்து வந்து கால்களின் திருகுகளைச் சரிசெய்த பிறகே இரண்டு திசைகளிலும் ஒரே அளவு கிடைத்தது: முதல் ஒளிக்கதவில் 0.50 மீ/வி, 80 சென்டிமீட்டர் தள்ளியிருந்த இரண்டாவதில் 0.46 மீ/வி.

அதற்குப் பிறகு செய்ததுதான், என் கணக்கில், இந்தப் பெட்டியின் மிகச் சிறந்த சோதனை. ஆனால் கையேட்டில் அது இல்லை. வண்டி புறப்படும் பக்கத்துக் காலின் கீழ் அட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே போனோம். ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் உயர்ந்தபோது, இரண்டு ஒளிக்கதவுகளும் 0.50, 0.50 என்று காட்டின. சாய்வு தரும் இழுப்பும் உராய்வும் சமமாகி, வண்டியின் மீது நிகர விசை இல்லாமல் போயிருந்தது. "மாமா, அப்போ இப்போ இதை யார் தள்ளுறாங்க?" என்று அவள் கேட்டாள். யாரும் தள்ளவில்லை, தள்ளத் தேவையும் இல்லை. இயக்கம் தொடர்வதற்கு விசை வேண்டும் என்று மனம் பிடிவாதமாக நம்புகிறது, பல நூற்றாண்டுகள் அறிஞர்களும் அப்படியே நம்பினார்கள். இயக்கம் மாறுவதற்குத்தான் விசை வேண்டும் என்ற நியூட்டனின் முதல் விதியை அவள் ஒன்பதாம் வகுப்பிலேயே மனப்பாடமாகச் சொல்வாள்; இருந்தும் அந்தக் கேள்வி அன்றுதான் எழுந்தது.

ஒளிக்கதவுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வண்டியின் மேல் செருகப்படும் அட்டை ஒளிக்கற்றையை மறைக்கும் நேரத்தைக் கருவி அளக்கிறது; அட்டையின் அகலத்தை அந்த நேரத்தால் வகுத்தால் திசைவேகம் கிடைக்கிறது. கையேடு இதைக் கூசாமல் "அக்கணத் திசைவேகம்" என்கிறது. உண்மையில் கிடைப்பது, அட்டை கடந்து முடியும் வரையிலான சராசரி மட்டுமே. பெட்டியோடு வரும் அட்டை 10 சென்டிமீட்டர் அகலமானது. சீராக முடுக்கப்பட்ட வண்டியை ஒரே இடத்திலிருந்து விட்டபோது, அந்த அட்டையில் 0.59 மீ/வி கிடைத்தது. நாங்கள் வெட்டிய 5 சென்டிமீட்டர் அட்டையில் 0.56, 1 சென்டிமீட்டர் அட்டையில் 0.54. கணக்கின்படி, ஒளிக்கற்றையைத் தொடும் கணத்தில் திசைவேகம் 0.53 ஆக இருக்க வேண்டும். அகலத்தைக் குறைக்கக் குறைக்க எண் எங்கே போய் நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்ட மாணவிக்கு, வகைநுண்கணிதத்தில் எல்லை என்ற சொல் வரும்போது அது வெறும் குறியீடாக இருக்காது. கத்தரிக்கோலும் பழைய அழைப்பிதழ் அட்டையும் இதற்குப் போதும். அகலமான அட்டையை மட்டும் கொடுத்து அக்கணத் திசைவேகம் என்று எழுதியவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதைவிடப் பெரிய பிழை, நியூட்டனின் இரண்டாம் விதியை (விசை = நிறை × முடுக்கம்) விளக்கும் பகுதியில் இருக்கிறது. வண்டியில் நூலைக் கட்டி, கப்பியின் மேல் போட்டு, மறு முனையில் 20 கிராம் கல்லைத் தொங்கவிட்டு முடுக்கத்தை அளக்க வேண்டும். "வண்டியை இழுக்கும் விசை தொங்கும் கல்லின் எடைக்குச் சமம்" என்று கையேடு சொல்லிவிட்டு, அந்த எடையை வண்டியின் நிறையால் வகுத்து 0.78 மீ/வி² என்று விடை தருகிறது. நாங்கள் அளந்தது 0.70. வித்தியாசத்துக்குக் காரணம் உராய்வு என்று அடுத்த வரியிலேயே சமாதானமும் எழுதியிருக்கிறார்கள். உராய்வின் மேல் எந்தப் பழியைப் போட்டாலும் அது மறுத்துப் பேசாது என்ற தைரியம்தான்.

கல்லும் சேர்ந்துதான் முடுக்கப்படுகிறது என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். கல் நிலையாகத் தொங்கும்போது மட்டுமே நூலின் இழுவிசை அதன் எடைக்குச் சமமாக இருக்கும். கல் கீழ்நோக்கி முடுக்கமடைய வேண்டுமானால் எடையைவிட இழுவிசை குறைந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் கல்லின் மீது நிகர விசையே இருக்காது. ஆகவே 20 கிராமின் எடை, வண்டியும் கல்லும் சேர்ந்த 270 கிராமையும் முடுக்க வேண்டியிருக்கிறது. அப்படிக் கணக்கிட்டால் 0.726 வருகிறது, ஏற்கெனவே தனியாக அளந்த உராய்வைக் கழித்தால் 0.70. அளவீட்டோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. கையேட்டின் விடைக்கும் அளவீட்டுக்கும் இடையிலுள்ள 0.08இல் உராய்வின் பங்கு 0.02 மட்டுமே, மீதி 0.06 கையேட்டை எழுதியவரின் பங்கு.

சந்தேகம் இருப்பவர்கள் கல்லைக் கனமாக்கிப் பார்க்கலாம். 100 கிராம் கட்டினால் கையேட்டின் முறைப்படி 3.92 மீ/வி² வர வேண்டும், சரியான முறைப்படி 2.80. எங்களுக்குக் கிடைத்தது 2.77. கையேட்டை நம்பி 300 கிராம் கட்டினால் முடுக்கம் 11.76 ஆகிறது. அதாவது, ஒரு வண்டியை இழுத்துக்கொண்டு விழும் கல், தனியாக விழும் கல்லைவிட விரைவாக விழுகிறது! சூத்திரத்தைச் சந்தேகப்படும் வழக்கம் இருந்திருந்தால் இந்த அபத்தம் அச்சுக்கே போயிருக்காது. விழும் எடையால் சீரான முடுக்கத்தைக் காட்டும் கருவியை ஜார்ஜ் அட்வுட் 1784இல் விவரித்தார். இரண்டு நிறைகளையும் கூட்ட வேண்டும் என்பது அந்தக் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம்.

இந்த 100 கிராம் சோதனையில் ஒரு விபத்தும் நடந்தது. வண்டியைத் தண்டவாளத்தின் முடிவில் பிடிக்கத் தவறிவிட்டேன். 80 சென்டிமீட்டர் ஓடி, விநாடிக்கு 2.1 மீட்டர் வேகத்தில் வந்து கப்பியின் பிளாஸ்டிக் தாங்கியில் மோதியதில் தாங்கியில் விரிசல் விழுந்துவிட்டது. மோதல் சோதனைகளில் அதே வண்டி 0.40 மீ/வி வேகத்தில் எத்தனையோ முறை மோதி ஒன்றும் ஆகவில்லை. வேகம் ஐந்து மடங்கு கூடினால் இயக்க ஆற்றல் இருபத்தைந்து மடங்குக்கு மேல் கூடுகிறது என்பதை விரிசலைப் பார்த்த பிறகு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாங்கியின் முன்னால் ஒரு ரப்பர் துண்டு வைத்திருக்கலாம். இப்போது நாங்கள் வைத்திருக்கிறோம்.

கையேட்டின் தமிழ் இன்னொரு சிக்கல். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நிறை, எடை என்று வழங்கும் சொற்களை இலங்கைப் பாடநூல்கள் முறையே திணிவு, நிறை என்று வழங்குகின்றன. இரண்டு மரபுகளும் தத்தம் அளவில் தெளிவானவையே. இந்தக் கையேடு இரண்டிலிருந்தும் எடுத்துக் கலந்திருக்கிறது: ஒரு பக்கத்தில் "வண்டியின் நிறை 250 கிராம்", மறு பக்கத்தில் "நிறை 2.45 நியூட்டன்". ஏற்கெனவே, கடைத் தராசில் கிலோகிராமைப் பார்த்து "எடை" என்று சொல்லிப் பழகிய நமக்கு, பொருளின் நிலைமத்தைக் குறிக்கும் அளவும் பூமி அதை இழுக்கும் விசையும் வேறு வேறு என்று பிரித்துக் காட்டுவதே பெரிய வேலை. ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால் என்ன ஆகும்? வில் தராசின் கிராம் அளவுகோலைப் படித்து, அதை விசை என்று எழுதி, விடையில் ஏறத்தாழ நூறு மடங்கு பிசகி, அக்கா மகள் அரை மணி நேரம் திணறினாள். முடுக்கமும், இலங்கை வழக்கில் அதையே குறிக்கும் ஆர்முடுகலும் மாறி மாறி வருவதை அவள் இரண்டு வெவ்வேறு அளவுகள் என்றே நினைத்திருந்தாள்.

மோதல் சோதனைகளில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. காந்த முனைகள் எதிரெதிராக வரும்படி வைத்தால், 0.40 மீ/வி வேகத்தில் வரும் வண்டி தொடாமலேயே நின்றுவிட, நின்றிருந்த வண்டி 0.39இல் புறப்படுகிறது. ஒட்டுப்பட்டை முனைகளை வைத்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு 0.20இல் நகர்கின்றன. இரண்டிலும் உந்தம் (நிறை × திசைவேகம்) ஏறக்குறைய 0.10 கிகி மீ/வி என்று அப்படியே இருக்கிறது. ஆனால் ஒட்டிக்கொண்ட மோதலில் இயக்க ஆற்றல் 0.020 ஜூலிலிருந்து 0.010 ஜூலாகச் சரிபாதி குறைகிறது. உந்தமும் ஆற்றலும் ஒரே பொருளின் இரண்டு பெயர்கள் அல்ல என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு செயலுக்கும் சமமான எதிர்ச்செயல் உண்டு என்ற மூன்றாம் விதிக்குக் கையேடு காட்டும் எடுத்துக்காட்டு, மேசை மேல் கிடக்கும் புத்தகம்: புத்தகத்தின் எடை செயல், மேசை தரும் செங்குத்து விசை எதிர்ச்செயல் என்கிறது. பலரும் செய்யும் தவறுதான். இரண்டு விசைகளும் புத்தகத்தின் மீதே செயல்படுவதால் அவை செயல்–எதிர்ச்செயல் இணை ஆக முடியாது. பூமி புத்தகத்தை இழுப்பதற்கு இணை, புத்தகம் பூமியை இழுப்பது. மேல்நோக்கி முடுக்கமடையும் மின்தூக்கியில் மேசை தரும் விசை எடையைவிடக் கூடிவிடும், உண்மையான இணைகளோ எப்போதும் சமமாகவே இருக்கும். வேடிக்கை என்னவென்றால், இதைச் சரியாகக் காட்டும் கருவி பெட்டியிலேயே இருக்கிறது. ஒரு வண்டியின் மேல் 250 கிராம் கல்லை ஏற்றி, காந்தங்கள் ஒன்றையொன்று தள்ளும்படி இரண்டையும் பிடித்து ஒரே நேரத்தில் விட்டோம். வெறும் வண்டி 0.30, சுமை ஏற்றியது 0.15 மீ/வி. இரண்டின் மீதும் ஒரே நேரம் ஒரே அளவு விசை எதிரெதிராகச் செயல்பட்டிருந்தால்தான் இது நடக்கும்.

ஊசல் பகுதி சாதாரணம். 1 மீட்டர் ஊசல் 20 அலைவுகளுக்கு 40.1 விநாடி எடுத்துக்கொண்டது. நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்க வேண்டும் என்பதைக் கையேடு சொல்லாததால், நூலை மட்டும் அளப்பவர்களுக்கு ஈர்ப்பு முடுக்கம் ஒரு சதவீதத்துக்கு மேல் குறைந்து வரும். 60 பாகையில் இழுத்துவிட்டால் அலைவு நேரம் ஏழு சதவீதம் வரை நீள்கிறது என்பதையும் ஒளிக்கதவு அழகாகப் பிடிக்கிறது. சுழற்சி இயக்கத்துக்குப் பெட்டியில் ஒன்றுமே இல்லை. ஒரு வளையமும் ஒரு திண்ம உருளையும் சேர்த்திருந்தால், சாய்தளத்தில் உருளை முந்துவதைக் காட்டி நிலைமத் திருப்புத்திறனையும் தொடங்கியிருக்கலாம்.

இயற்பியல் தெரிந்த ஒருவர் உடன் இருக்கும் வீட்டுக்கும் பள்ளி ஆய்வகத்துக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தனியாகக் கையேட்டைப் பார்த்துப் படிக்க வேண்டிய மாணவருக்கு வாங்கித் தர மாட்டேன். பிழைகளைக் குறிப்பிட்டுத் தயாரிப்பாளருக்கு எழுதியதில், கப்பித் தாங்கி ஒன்றை மாற்றி அனுப்பினார்கள். கையேட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இரண்டாம் விதிப் பக்கத்தின் மேல் அக்கா மகள் தன் கையெழுத்தில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறாள்: "கல்லையும் கூட்டு."