பல்சரின் ஆர்.பி.எம். முள் துள்ளினால் உடனே மீற்றரை மாற்ற விடாதீர்கள்

வேலணையிலிருந்து பண்ணைப் பாலம் வழியாக யாழ்ப்பாணத்துக்கு நாளாந்தம் நான் ஓடும் பஜாஜ் பல்சர் 150, 2008ஆம் ஆண்டு வண்டி. சில மாதங்களுக்கு முன் நகரிலுள்ள ஒரு கராஜில் சேர்விஸ் செய்வித்தபோது, எஞ்சினுக்குள் தீப்பொறி எழுப்பும் அதன் இரண்டு பிளக்குகளையும், அவற்றின் மேல் மாட்டும் பிளக் கப்களையும் மாற்றிவிட்டார்கள். மறுநாளே, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை தடவை சுழல்கிறது என்று காட்டும் ஆர்.பி.எம். முள், வண்டி நின்றபடி இயங்கும்போது 1,400 அளவில் அசையாமல் நிற்பது, 5,000 வரை துள்ளிப் பூச்சியத்துக்கு விழத் தொடங்கியது. எஞ்சின் சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. கப்களை மாற்றிய மறுநாளே இது தொடங்கியதை அன்றே யோசித்திருக்க வேண்டும்.

திரும்பக் கொண்டுபோனதும், சோதனை எதுவும் செய்யாமலே, உப்புக் காற்றில் மீற்றர் பழுதாகிவிட்டது என்றார்கள். கடலோரத்தில் இருப்பவனுக்கு நம்பக்கூடிய காரணம்தான். பாவித்த மீற்றர் ஒன்றுக்கு 18,500 ரூபா கொடுத்தேன், முள் துள்ளியது. பிறகு தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் சீ.டி.ஐ. என்ற மின்னணுப் பெட்டிதான் பழுது என்று 9,000 ரூபா கொடுத்தேன், அப்போதும் துள்ளியது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் ஊரில் வானொலி திருத்தும் ஒரு ஐயா. எஞ்சினை இயக்கச் சொல்லிவிட்டு, மத்திய அலையில் வைத்த சிறிய வானொலியை அருகே கொண்டுவந்தார். அது படபடவென்று இரைந்தது. கப்களைக் கழற்றி மல்ரிமீற்றரால் அளந்தபோது, ஏறத்தாழ 5,000 ஓம் காட்ட வேண்டிய இடத்தில் இரண்டுமே பூச்சியம் காட்டின. உள்ளே மின்னிரைச்சலை அடக்கும் தடையி (மின்தடைப் பாகம்) இல்லாத மலிவான கப்கள். இந்த வகை மீற்றர் எரிபற்றல் துடிப்புகளை எண்ணியே முள்ளை நகர்த்துவதால், அடக்கப்படாத தீப்பொறி எழுப்பும் மின்னிரைச்சலையும் துடிப்பாக எண்ணிவிடுகிறது என்று விளக்கினார். தடையியுள்ள கப்கள் இரண்டைப் போட்டதும் முள் அடங்கியது. பற்றரி இணைப்பும் பூமி வயரும் தளர்ந்திருந்தாலும் இப்படித் துள்ளலாம் என்பதால் அவற்றையும் பார்த்துவிட்டே அனுப்பினார். கூலி கேட்கவில்லை.

பழைய மீற்றரைக் கேட்டுக் கராஜுக்குப் போனேன். எறிந்துவிட்டோம் என்றார்கள். பற்றுச்சீட்டு வாங்காதது என் தவறு. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிட என் கையில் ஒரு துண்டும் இல்லை. காசைவிடப் பெரிய இழப்பு வேறு. ஓடிய தூரத்தையும் அந்த மீற்றரே பதிந்து வைப்பதால், 61,000 கிலோமீற்றர் ஓடிய என் வண்டி இப்போது 23,000 என்று காட்டுகிறது. விற்கப் போனால், கிலோமீற்றரைக் குறைத்தவன் என்ற பெயர் எனக்குத்தான் வரும்.