பாளையில் பேஸ் கிட்டார் செட்டப்: புதுசு வாங்கும் முன் இந்தப் பட்டறை

பேஸ் வாசிக்கிற நெல்லைக்காரர்கள் அடுத்த கிட்டாருக்குப் பணம் சேர்க்கும் முன் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் இருக்கும் இந்தப் பட்டறைக்கு ஒரு தடவை போய் வாருங்கள். பெயர்ப்பலகை கிடையாது. ஹார்மோனியப் பட்டறை எங்கே என்று டீக்கடையில் கேட்டால் அந்தச் சந்துக்கு வழி காட்டுவார்கள். உள்ளே பாதி இடத்தில் துருத்தி கிழிந்த ஹார்மோனியங்கள், மீதியில் சுவரோடு சாய்ந்து நிற்கும் கிட்டார்கள், உட்கார ஒரே ஒரு ஸ்டூல், அதிலும் பெரும்பாலும் ஏதாவது ஒரு வயலின் பெட்டி இருக்கும். நடத்துகிற அண்ணாச்சிக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். பேச்சு குறைவு, கை சுத்தம்.

நான் கொண்டுபோனது பழையதாக வாங்கிய நாலு கம்பி பேஸ். ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் மாடலைப் போன்ற அமைப்பு, கம்பெனி பெயர் இங்கே தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனைக்கும், சீசனில் யாராவது கூப்பிட்டால் கோயில் கொடை விழா மேடைகளில் மெல்லிசைக் கச்சேரிக்கும் வாசிக்கிறேன். கீழ் ஃப்ரெட்டுகளில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கீற்றுகள்) கம்பி தட்டி இரையும், 12-ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே போனால் சுருதி விலகும், இதெல்லாம் போக நிற்காத ஹம், அதாவது 'ம்ம்' என்ற மின் இரைச்சல் வேறு. கூட வாசிக்கிறவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: இதை விற்றுவிட்டு அஞ்சு கம்பி வாங்கு.

அண்ணாச்சி முதலில் ஆம்ப்பில் செருகக்கூட இல்லை. ஹெட் பக்கம் கண்ணை வைத்து நெக்கின், அதாவது கழுத்தின், நீளத்துக்கும் ஒரு பார்வை பார்த்தார், கம்பியை விரலால் தடவினார், அப்புறம் கேட்டார்: "தம்பி, இந்தக் கம்பி போட்டு எத்தன வருஷம் இருக்கும்? கம்பி செத்துக் கெடக்கு, நீங்க கழுத்தக் குத்தம் சொல்லுதீய." எனக்கு முன்னால் வைத்திருந்தவர் போட்ட கம்பி அது. அழுக்கும் தேய்மானமும் ஏறிய கம்பியில் எடை சீராக இருக்காது, எங்கும் அழுத்தாமல் மீட்டினால் சுருதி சரியாகக் காட்டும், மேலே போகப் போக விலகும். அதில் இன்டொனேஷன் வைப்பது (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சேரச் செய்வது) வீண் வேலை என்று சொல்லி, புது செட் இல்லாமல் கை வைக்க மாட்டேன் என்றுவிட்டார். 45-105 செட் (கம்பித் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்), சாதாரண ரவுண்டுவவுண்டு, அதாவது மேலே உருண்டைக் கம்பி சுற்றியது. கிட்டத்தட்ட 2,000 ரூபாய் ஆனது.

அதற்குப் பிறகு செய்ததைப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். இதற்காகத்தான் இந்த ரிவியூவே. முதல் ஃப்ரெட்டில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ கிளிப்பைப் போட்டு, கடைசி ஃப்ரெட்டை ஒரு விரலால் அழுத்தி, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பார்த்தார். 0.3 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருந்தால் போதும். என்னுடையதில் இடைவெளியே இல்லை, நெக் பின்பக்கமாக வளைந்திருந்தது, கீழே இரைந்ததற்குக் காரணம் அதுதான். நாலு கம்பியும் சேர்ந்து சுமார் 80 கிலோ அளவுக்கு நெக்கை இழுக்கின்றன, உள்ளே ஓடும் ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பி அதற்கு எதிராக நிற்கிறது, இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதைத்தான் அந்த இடைவெளி காட்டுகிறது. ஆலன் கீயைப் போட்டுக் கால் திருகு தளர்த்தினார், கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டு ஒரு ஹார்மோனியத்தை எடுத்துக்கொண்டார். மரம் ஒரு இடத்தில் நின்ற பிறகுதான் அடுத்த திருகு. வேறு இடங்களில் அஞ்சு நிமிஷத்தில் முறுக்கிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள், மறுநாள் நெக் வேறு எங்கேயோ நிற்கும்.

நெக் நின்ற பிறகு பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடிலின் உயரம், 17-ஆவது ஃப்ரெட்டில் 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்தார். விரலை அழுத்தி வாசிக்கிறவன் என்பதால் ரொம்பத் தாழ்த்த வேண்டாம் என்று அவரே முடிவெடுத்தார், அதற்கு முன் ஒரு பாட்டு வாசித்துக் காட்டச் சொன்னார். கடைசியாக இன்டொனேஷன்: 12-ஆவது ஃப்ரெட்டின் மேல் லேசாகத் தொட்டு எடுக்கும் ஹார்மோனிக் ஒலியும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வரும் ஸ்வரமும் ட்யூனரில் ஒன்றாக வரும்வரை சேடிலை முன்னும் பின்னும் நகர்த்துவது. வரிசையை மாற்றினால் எல்லாம் குழம்பும், முதலில் நெக், அப்புறம் உயரம், அப்புறம்தான் இது.

பருவம் மாறும்போது நெக்கும் அசையும் என்பதையும் சொன்னார். அக்னி நட்சத்திர வெயிலில் ஃபிங்கர்போர்டு மரம் சுருங்கி ஃப்ரெட்டின் ஓரங்கள் கையைக் கீறும், ஐப்பசி மழையில் வேறு மாதிரி. இங்கிருந்து தென்காசிக்குச் சாரல் நேரத்தில் வாசிக்கப் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை நெக்கைப் பார்த்துக்கொண்டால் போதும்.

ஹம் கதை தனி. ஜாஸ் பேஸில் இருப்பது இரண்டு சிங்கிள் காயில் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள் காந்தங்கள். இரண்டு வால்யூமும் சமமாகத் திறந்திருந்தால் ஒன்றின் இரைச்சலை இன்னொன்று அடித்துவிடும், ஒன்றைக் குறைத்தால் ஹம் எட்டிப்பார்க்கும். இது அமைப்பின் குணம், பழுது இல்லை. என் கிட்டாரில் அதோடு பிரிட்ஜுக்குப் போகிற எர்த் ஒயரும் சால்டர் விட்டுப்போயிருந்தது. அதைப் பற்றவைத்து, உள்பள்ளத்தில் தாமிரத் தாள் ஒட்டி, கரகரத்த ஜாக்கையும் மாற்றினார். சர்ச்சில் இப்போது சுத்தமாக இருக்கிறது. கொடை மேடையில்? பாதிதான். சீரியல் செட் விளக்குகளும் ஜெனரேட்டரும் ஓடுகிற இடத்தில் கிட்டாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கம்பியில் கை இருக்கும்போது மைக்கில் உதடு பட்டு சுரீர் என்றால் அதற்கு எந்தத் தாமிரத் தாளும் மருந்தில்லை, வாசிப்பதை நிறுத்திவிட்டு மைக்செட்காரரைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

அஞ்சு கம்பி ஆசையை அண்ணாச்சி தடுக்கவில்லை, ஆனால் ஒரு கேள்வி கேட்டார்: "எந்தப் பெட்டியில அத கேக்கப் போறீய?" நாலு கம்பி பேஸின் அடிக்கம்பி E, 41 ஹெர்ட்ஸ். அஞ்சாவது கம்பி B, 31 ஹெர்ட்ஸ். கிராமத்து மேடைக்கு வருகிற ஸ்பீக்கர் பாக்ஸ்கள் பலவற்றில் 31 வெளியே வராது, நம் காதில் விழுவது அதன் இரட்டிப்பான 62-உம் அதற்கு மேலும்தான், மூளை மிச்சத்தை நிரப்பிக்கொள்கிறது. அந்த 62 உங்கள் நாலு கம்பியிலேயே A கம்பியில் இரண்டாவது ஃப்ரெட்டில் இருக்கிறது. இருந்தாலும் அஞ்சு கம்பிக்கு நியாயம் இருக்கிறது என்பது என் கட்சி. பாடகர் ஸ்கேலை இறக்கச் சொல்வார், கீபோர்டுக்காரர் ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார், நமக்கு E-க்குக் கீழே போக இடமிருக்காது. ஒன்றிரண்டு பாட்டுக்கு மட்டும் என்றால் E கம்பியை D-க்கு இறக்கிச் சமாளிக்கலாம், 105 கம்பி அதற்குத் தாங்கும். தினமும் என்றால் அஞ்சு கம்பிதான். கை சிறியவர்கள் கடையில் நெக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள், ஜாஸ் பேஸின் 38 மில்லிமீட்டர் நட்டுக்கு (நெக்கின் தலைப்பக்க முனையில் கம்பிகள் உட்காரும் பட்டை) பழகிய கைக்கு அஞ்சு கம்பியின் அகலம் கொஞ்ச நாள் வலிக்கும்.

அவர் பேச்சைக் கேட்டு நான் வாங்கியது ஒரு டிஐ பாக்ஸ். கிட்டாரிலிருந்து மிக்ஸர் வரை நீளமான சாதாரணக் கேபிள் இழுத்தால் மேல் சத்தம் கரைந்து, வழியெல்லாம் இரைச்சலைப் பொறுக்கிக்கொண்டு போகும். டிஐ அதை மைக் கேபிளில் போகிற சிக்னலாக மாற்றிவிடும், கேபிளின் எர்த் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் சில ஹம்கள் அங்கேயே நின்றுவிடும். ஒரு பேஸை விற்று இன்னொன்று வாங்கியிருந்தால் இந்த வித்தியாசம் வந்திருக்காது. கூடவே ஒரு பழக்கம்: மைக்செட்காரர் லோ குமிழை முழுக்கத் திருகி வைத்திருந்தால் கொஞ்சம் இறக்கச் சொல்லி, நடு ஒலிக்கான மிட் குமிழை ஏற்றச் சொல்லுங்கள். அதே மேடையில் நமக்கு முன்னால் வில்லுப்பாட்டு நடந்திருக்கும், குடத்தின் அடி ஒரு மைக்கில் எவ்வளவு தெளிவாக வந்தது என்று கவனித்திருந்தால் எந்தக் குமிழ் தப்பு என்று புரியும்.

நான் போயிருந்தபோது பட்டறையில் ஒரு டபுள் பேஸும் (நிறுத்தி வைத்து வாசிக்கும், வயலின் வடிவப் பெரிய பேஸ்) படுத்துக் கிடந்தது. முக்கால் அளவு, ஒட்டுப்பலகை உடம்பு. யாரோ ஆன்லைனில் வரவழைத்தது, வந்து சேரும்போதே உள்ளே சவுண்ட்போஸ்ட் என்ற மரக்குச்சி விழுந்து உருண்டுகொண்டிருந்ததாம். அந்தக் குச்சியைப் பசை போட்டு ஒட்டுவதில்லை, கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது, அதனால் நாலு கம்பியையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் விழும். பிரிட்ஜும் அப்படியே. எஃப் வடிவ ஓட்டை வழியாக வளைந்த கம்பியை விட்டு, கண்ணாடியில் பார்த்துப் பார்த்து நிமிர்த்திவிட்டார். ஆனால் பிரிட்ஜைச் செதுக்கச் சொன்னதற்கு முடியாது என்று சொல்லி, சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்று அனுப்பிவிட்டார். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது.

டபுள் பேஸ் ஆசை இருப்பவர்களுக்கு: சுருதி பேஸ் கிட்டாரின் அதே E, A, D, G. ஆனால் ஃப்ரெட் கிடையாது, கம்பி நீளம் 34 அங்குலத்துக்குப் பதில் 41, 42 வரை. 1951-இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த ஃப்ரெட் வைத்த பேஸுக்கு பிரிசிஷன் என்று பெயர் வந்ததன் நியாயம் டபுள் பேஸை ஒரு நாள் வாசித்தால் விளங்கும். நல்ல கம்பி ஒரு செட் வாங்கும் பணத்தில் இங்கே தொடக்கநிலை பேஸ் கிட்டாரே வாங்கிவிடலாம். ஆட்டோவிலும் ஏறாது. பக்கத்தில் பழுது பார்க்க ஆள் இல்லாத ஊரில் நான் வாங்க மாட்டேன்.

குறைகளும் உண்டு. சொன்ன தேதியில் கிடைக்காது, சித்திரை, ஆடியில் கொடை சீசன் தொடங்கிவிட்டால் போனைக்கூட எடுக்க மாட்டார், நேரில் போனால் "அடுத்த வாரம் வாங்க தம்பி" என்பார். ஆக்டிவ் பேஸின் சர்க்யூட் போர்டைத் தொட மாட்டார், 9 வோல்ட் பேட்டரி மாற்றுவதோடு சரி. ஃப்ரெட்டுகளை ஒரே மட்டமாக உரசும் லெவலிங் செய்வார், புது ஃப்ரெட் போடுவதில்லை. ரசீது, கார்டு எதுவும் கிடையாது, ஜிபே மட்டும் உண்டு.

செட்டப்புக்கு 800, எர்த், ஜாக், தாமிரத் தாள் எல்லாம் சேர்த்துத் தனியாக 600 வாங்கினார். கம்பி நாம் வாங்கிக் கொடுக்க வேண்டும். மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை பூட்டியிருக்கும், காலையில் போவது நல்லது. கவர் இல்லாமல் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அவருக்குப் பிடிக்காது.