எச்.பி.எல்.சி. பம்ப் திருத்த ஆள் கூப்பிடுகிறவர்கள் இதை ஒருக்கா வாசியுங்கள்

யாழ்ப்பாணத்தில் சின்ன ஆய்வுகூடம் நடத்துகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். எங்களை ஏமாற்றிய ஆள் இப்போதும் வடக்குப் பக்கம் வேலை எடுக்கிறார் என்று கேள்வி.

நாங்கள் நெல்லி ரசம், ஜாம், சோஸ் போன்றவற்றில் பழுதாகாமல் இருக்கப் போடுகிற பென்சோயிக் அமிலம் எவ்வளவு என்று பார்த்துக் கொடுக்கிறோம். அதைப் பார்ப்பது எச்.பி.எல்.சி. கருவியில், கரைப்பானை பம்ப் கூடிய அமுக்கத்தில் தள்ள, மாதிரியில் உள்ள பொருட்கள் பிரிந்து ஒவ்வொன்றாக வெளியே வரும். வழக்கமாக 110 பாரில் அசையாமல் நிற்கிற பம்ப் அமுக்கம் மாசி மாதம் ஒரு நாள் 60க்கும் 130க்கும் இடையில் ஆடத் தொடங்கியது. 6 நிமிடத்தில் வரவேண்டிய பீக் (பொருள் வெளியே வரும்போது வரைபில் எழும் முகடு) ஒருக்கா 6.8இல் வந்தது, அடுத்த தரம் 7.5இல். மாதிரிகள் குவிந்து கிடந்ததால் விசாரித்துப் பார்க்காமல் கொழும்பிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டோம்.

இரவு பஸ்ஸில் வந்தவர் தேத்தண்ணி குடித்துவிட்டு, "ரெண்டு செக் வால்வும் போச்சு தம்பி, சீலும் மாத்தோணும்" என்றார். செக் வால்வு என்பது கரைப்பானை ஒரு பக்கம் மட்டும் போகவிடுகிற வால்வு, சீல் என்பது பம்ப் பிஸ்ரனைச் சுற்றிக் கசியாமல் தடுக்கிற வளையம். பக்கத்தில் ஆள் நின்றால் கவனம் குழம்பும் என்று எங்களை வெளியே இருக்கச் சொன்னார், நாங்களும் இருந்தோம். இரண்டு மணித்தியாலம் கழித்துக் கூப்பிட்டுக் காட்டினார், அமுக்கம் கோடு கிழித்தது மாதிரி நேராக நின்றது. 1,65,000 ரூபா கொடுத்து அனுப்பினோம்.

அவர் ஓட்டிக் காட்டியது வெறும் மெதனோல். நாங்கள் நாளாந்தம் ஓட்டுவது அசற்றோநைற்றைல் என்ற கரைப்பானும் பொஸ்பேற்று உப்புக் கரைசலும். அதைப் போட்டு நாலு நாளில் பழைய ஆட்டம் திரும்ப வந்தது. போன் எடுத்தால் முதலில் கொலம் (பொருட்களைப் பிரிக்கிற குழாய்) பிழை என்றார், அடுத்த நாள் கரைப்பான் சரியில்லை என்றார், அதற்குப் பிறகு போனே எடுக்கவில்லை.

கனகாலம் இந்தக் கருவிகளோடு வேலை செய்த ஒரு அண்ணைதான், வால்வை நீயே கழற்றிப் பார் என்று சொன்னார். கழற்றினேன். கரைப்பான் உள்ளே போகிற பக்கத்து வால்வின் விளிம்பில் பிறை மாதிரி ஒரு கீறல். இரண்டு வருடத்துக்கு முன் ஸ்பானர் வழுக்கி நான் போட்ட கீறல் அது. புது வால்வு என்று காசு வாங்கிய ஆள் பழையதையே திரும்பப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். பம்ப் தலையைத் திறந்தால் சீலும் பழையதுதான், சுற்றிவரக் கறுப்புத் தூள். கை நடுங்கிப் போனது எனக்கு.

சரி, வால்வுக்கு உண்மையில் என்ன வருத்தம்? அதற்குள் சின்ன ரூபிக் குண்டு ஒன்று நீலக்கல் இருக்கையில் ஏறி இறங்கும். அசற்றோநைற்றைல் தொடர்ந்து ஓடினால் குண்டு இருக்கையில் ஒட்டிக்கொள்ளும், உப்புப் படிந்தாலும் சரியாக மூடாது. எங்களுக்கு இரண்டும் சேர்ந்திருந்தது, கறண்ட் போகிற நேரமெல்லாம் பொஸ்பேற்று பம்ப்புக்குள்ளேயே நின்று காய்ந்திருக்கிறது.

முதலில் தண்ணீர் ஓட்டி உப்பைக் கழுவினேன், உப்பு நிற்கும்போது நேரே அல்ககோலைவிட்டால் அது உள்ளேயே படிந்துவிடும். பிறகு பம்ப்பை நிறுத்தி, அமுக்கம் பூச்சியத்துக்கு வந்தபின் இரண்டு வால்வையும் கழற்றி, ஐசோபுரொப்பைல் அல்ககோல் விட்ட பீக்கரில் நிமிர்த்தி வைத்து, ஒலி அதிர்வால் அழுக்கைக் கழற்றுகிற அல்ட்ராசொனிக் தொட்டியில் 20 நிமிடம். வால்வைப் பிரிக்கவே வேண்டாம், குண்டு உருண்டால் தேடி எடுக்க முடியாது. எடுத்துக் காதடியில் ஆட்டினேன், முன்பு சத்தமே இல்லாதது இப்போது டிக் டிக் என்றது. வால்வில் உள்ள, ஓட்டத்தின் திசை காட்டுகிற அம்புக்குறி பார்த்துத் திரும்பப் பூட்டி ஓட்ட, 112 பார், ஆட்டம் 1 பாருக்குள். செலவு அரைக் கோப்பை அல்ககோல்.

இனி யாரையாவது கூப்பிட்டால் பக்கத்திலேயே நில்லுங்கள். வெளியே போகச் சொன்னால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். புதுப் பாகத்தின் பைக்கற்றை இலக்கத்தோடு உங்கள் முன்னால் உடைக்க வேண்டும், கழற்றிய பழையது உங்கள் கைக்கு வரவேண்டும். காசு கொடுக்க முன், நீங்கள் வழமையாகப் பாவிக்கிற கரைப்பானிலேயே ஒரு மணித்தியாலம் ஓட்டிப் பாருங்கள்.

சீலுக்கு நானே ஓடர் போட்டிருக்கிறேன். பிஸ்ரன் நீலக்கல், கொஞ்சம் சரித்து இழுத்தாலே முறிந்துவிடும், அதனால் அந்த அண்ணை வந்து பக்கத்தில் நிற்கிற நாளில்தான் மாற்றப்போகிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம்.